நுண்செயலியின் மூடி

அடுப்பில் கொதிக்கும் குழம்புச் சட்டிக்கு நாம் மூடி போடுகிறோம். எதற்காக? உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. கணிப்பொறியின் மூளை எனப்படும் நுண்செயலிக்கும் ஒரு மூடி உண்டு. செம்பினால் செய்து, நிக்கல் பூச்சுப் பூசிய அந்த மூடி வெள்ளிக் காசுபோல் பளபளக்கும். ஆனால் அதன் வேலை சட்டியின் மூடிக்கு நேர்மாறானது. உள்ளே தோன்றும் வெப்பத்தை விரைவாக வெளியே அனுப்புவதற்காகவே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட மூடியைச் சவர பிளேடால் அறுத்து எடுத்தால் நுண்செயலி முன்னைவிடக் குளிர்ச்சியாக இயங்கும் என்று யாரேனும் கூறினால் நம்புவீர்களா? 2012-ஆம் ஆண்டு முதல் உலகின் பல மூலைகளிலும் இளைஞர்கள் இதைச் செய்து பார்த்து, உண்மை என்று கண்டிருக்கிறார்கள்.

சென்ற பருவத்தில் எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "சார், என் பிராசஸர் மூடியைக் கழற்றலாமா?" என்று கேட்டார். அவருடைய தந்தை கடன் வாங்கி வாங்கித் தந்த கணிப்பொறி அது. "கழற்றலாம்", "கூடாது" என்று ஒரு சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. அந்த மூடி அங்கே எப்படி வந்தது, ஏன் வந்தது என்பது தெரிந்தால்தானே அதை எடுக்கலாமா என்று முடிவு செய்ய முடியும்?

மூடி வந்த வரலாறு

1971-ல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அது செலவிட்ட மின்திறன் ஏறத்தாழ ஒரு வாட் அளவே. அக்காலத்துச் சில்லுகளுக்கும் மேலே மூடி இருந்தது. ஆனால் அது தூசியும் ஈரமும் உள்ளே புகாமல் காப்பதற்கான மூடி. வெப்பத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. 1993-ல் வந்த முதல் பென்டியம் செயலி 66 மெகா ஹெர்ட்ஸில் பதினைந்து வாட் அளவுக்குச் சூடேறியது. அதன்மேல் துடுப்புகள் கொண்ட அலுமினியக் கட்டியும், அதன்மேல் ஒரு சிறு விசிறியும் ஏறி அமர்ந்தன.

இதற்கிடையே சில்லை அமர்த்தும் முறையும் மாறிக்கொண்டிருந்தது. பழைய முறையில் சில்லு முகத்தை மேலே காட்டி அமர்ந்திருக்கும். மயிரிழை போன்ற கம்பிகள் அதன் ஓரங்களை வெளிமுனைகளோடு இணைக்கும். 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் சில்லைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முகத்தில் உள்ள நுண்ணிய பற்றாசு மணிகளாலேயே அடிப்பலகையோடு இணைக்கும் முறையைக் கண்டனர். இம்முறையில் சில்லின் முதுகு மேலே வந்துவிடுகிறது. வெப்பத்திற்கு நேரான வழி கிடைத்துவிட்டது! அந்த முதுகின்மேல் எதை வைப்பது என்பதே அடுத்த கேள்வி.

ஐ.பி.எம். 1980-ல் அறிவித்த 3081 என்ற பெருங்கணிப்பொறியில் இதற்கு அளித்த விடை மிகவும் நயமானது. நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் ஒரே பீங்கான் பலகையில் இருந்தன. ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஓர் அலுமினியத் தண்டு, சுருள்வில்லின் மெல்லிய அழுத்தத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும். எஞ்சிய இடைவெளிகளில் காற்றுக்குப் பதிலாக ஹீலியம் வாயுவை அடைத்தார்கள். ஏனெனில் காற்றைவிட ஹீலியம் ஏறத்தாழ ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். தண்டுகளிலிருந்து வெப்பத்தைத் தண்ணீர் கொண்டு சென்றது. இறுக்கமாக ஒட்டினால் சில்லு உடையும். ஒட்டாமல் விட்டால் சில்லு வேகும். இந்த இரண்டு இடர்களுக்கும் நடுவே செல்லும் வழிதான் அந்தச் சுருள்வில். நாம் இங்கே பார்க்கப் போகும் கதை முழுவதும் இதே இரண்டு இடர்களைப் பற்றியதுதான்.

வீட்டுக் கணிப்பொறிக்கு ஹீலியமும் தண்ணீரும் கட்டுப்படியாகுமா? 1999-ல் இன்டெலின் பென்டியம் 3 செயலிகளும், 2000-ல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் செயலிகளும் கவிழ்த்த சில்லின் முதுகைத் திறந்தபடியே வைத்து வெளிவந்தன. மூடியே கிடையாது. அத்லானின் சில்லு ஏறத்தாழ 120 சதுர மில்லிமீட்டர். அதாவது நம் கட்டைவிரல் நகத்தின் அளவு. வாங்கியவரே அதன்மேல் கனத்த உலோகக் கட்டியை வைத்து, வலுவான கம்பிக் கொக்கியைத் திருப்புளியால் அழுத்தி மாட்ட வேண்டும். கொக்கியின் அழுத்தம் ஏழெட்டுக் கிலோ எடைக்குச் சமம். கட்டி சற்றுச் சாய்ந்தால் அத்தனை விசையும் சிலிக்கனின் ஒரு மூலையில் இறங்கும். சிலிக்கன் கண்ணாடியைப்போல் நொறுங்கக் கூடிய பொருள். மூலை உடைந்த அத்லான்கள் எத்தனையோ! சாய்வைத் தடுக்கப் பலகையின் நான்கு மூலைகளிலும் மெத்தைபோன்ற திண்டுகளை ஏ.எம்.டி. ஒட்டியது. சிலர் சில்லைச் சுற்றி வைக்கும் செம்புச் சட்டங்களையும் விற்றனர்.

மற்ற இடரையும் உலகம் கண்ணாலேயே கண்டது. 2001 செப்டம்பரில் ஒரு சோதனைப் படம் வெளிவந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளின் மேலிருந்து குளிர்விப்பானை வேண்டுமென்றே கழற்றினார்கள். மூடி போட்ட பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. திறந்த முதுகுடைய அத்லான் நொடிப்பொழுதில் புகைந்து மடிந்தது. பென்டியம் 4 பிழைத்ததற்கு மூடியைவிட அதன் உள்ளே இருந்த வெப்பக் காவல் சுற்றே முதற் காரணம். ஆனாலும் பார்த்தவர்கள் மனத்தில் பதிந்தது மூடிதான்.

இவ்வாறு 2000-ல் பென்டியம் 4-ம், 2003-ல் ஏ.எம்.டி.யின் அத்லான் 64-ம் செம்பு மூடியோடு வந்தன. பயன்படுத்துவோரின் கைகளிலிருந்து சில்லைக் காப்பது மூடியின் முதல் வேலை. சிறு பரப்பில் தோன்றும் வெப்பத்தை அகலமான பரப்புக்குப் பரப்புவது இரண்டாவது வேலை.

பத்தில் ஒரு மில்லிமீட்டர்

மூடி போட்டவுடன் ஒரு புதிய இடைவெளி உண்டாகிறது. சில்லின் முதுகுக்கும் மூடியின் அடிப்பக்கத்துக்கும் இடையே உள்ள வெளி அது. எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாலும் இரண்டு திண்மங்கள் எல்லாப் புள்ளிகளிலும் தொடுவதில்லை. நடுவே காற்று நிற்கும். காற்று எவ்வளவு மோசமான கடத்தி என்பதை ஒரு கணக்கால் உணரலாம். வெப்பம் கடத்தலின் விதியை 1822-ல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே தம் நூலில் தந்தார். ஒரு படலத்தின் இருபுறமும் உள்ள வெப்பநிலை வேறுபாடு அதன் தடிமனுக்கு நேர் விகிதத்திலும், பரப்புக்கும் கடத்து திறனுக்கும் எதிர் விகிதத்திலும் இருக்கும் என்பது பள்ளியிலேயே நாம் படித்ததுதான்.

சில்லின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டர், வெளியேற வேண்டிய வெப்பம் 100 வாட் என்று கொள்வோம். இடையே 0.01 மில்லிமீட்டர் காற்றுப் படலம் முழுமையாக நின்றால் வேறுபாடு ஏறத்தாழ 240 டிகிரி ஆகும், செயலி பிழைக்காது. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண வெப்பப் பசை இருந்தால் 12 அல்லது 13 டிகிரி. அதைவிட மூன்று மடங்கு தடித்த, 0.3 மில்லிமீட்டர் இண்டியம் பற்றாசு இருந்தால் 2 டிகிரி சொச்சம்தான்.

இண்டியம் என்பது 1863-ல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் ரைக், ரிக்டர் என்னும் இருவர் கண்ட உலோகம். நகத்தால் கீறலாம், அவ்வளவு மென்மை. 157° செ. வெப்பநிலையில் உருகும். சில்லையும் மூடியையும் இணைக்க இதைத்தான் நல்ல செயலிகளில் பயன்படுத்தி வந்தனர். பசையா, பற்றாசா என்ற இந்தச் சிறு வேறுபாட்டில்தான் பின்னால் வந்த சண்டை அனைத்தும் அடங்கியிருக்கிறது.

மிகைவேகம்

சாதாரணமாக ஓட்டுவோருக்குப் பத்து டிகிரி ஒரு பொருட்டன்று. மிகைவேகமாக ஓட்டுவோருக்கோ அதுவே எல்லாம். செயலி ஒரு நொடிக்கு இத்தனை துடிப்பு என்று தயாரித்தவர் வரையறுத்திருப்பார். அதற்கு மேல் துடிக்கச் செய்வதை ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள். ஏன் செய்கிறார்கள்? ஒரே அச்சில் வார்த்த சில்லுகளில் பல, முத்திரையில் உள்ள வேகத்தைவிட அதிகம் ஓடக் கூடியவை. 1998-ல் இன்டெல் மலிவு விலையில் விற்ற செலரான் 300ஏ செயலியை, தாய்ப்பலகைத் துடிப்பை 66-லிருந்து 100 மெகா ஹெர்ட்ஸாக உயர்த்தி, 450 மெகா ஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். குறைந்த விலையில் ஒன்றரை மடங்கு வேகம்! அந்த ஆசை இன்றுவரை பலரை விடவில்லை.

ஆனால் இயற்கை இலவசமாக எதையும் தருவதில்லை. செயலி செலவிடும் திறன் துடிப்பு வேகத்திற்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் விகிதப்படி உயரும். வேகம் 3.5-லிருந்து 4.5 கிகா ஹெர்ட்ஸுக்கும், அதைத் தாங்க மின்னழுத்தம் 1.1-லிருந்து 1.3 வோல்ட்டுக்கும் உயர்ந்தால் திறன் 1.8 மடங்காகிவிடும். 77 வாட் செயலி 138 வாட் ஆகிறது. 160 சதுர மில்லிமீட்டரில் 138 வாட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 86 வாட். வீட்டிலுள்ள ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு இருநூறு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான்.

2012-ல் நடந்தது

2011-ல் வந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் மூடி பற்றாசால் இணைக்கப்பட்டிருந்தது. 2012 ஏப்ரலில் அடுத்த தலைமுறையான ஐவி பிரிட்ஜ் வந்தது. 22 நானோமீட்டர் அளவு, முப்பரிமாண டிரான்சிஸ்டர் எனப் பல புதுமைகள். மின்செலவும் 95-லிருந்து 77 வாட்டாகக் குறைந்திருந்தது. குளிர்ச்சியாக ஓடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். மிகைவேகத்தில் முந்தைய தலைமுறையைவிடப் பத்து டிகிரிக்கும் மேலாகவே சூடேறியது.

ஏன் என்று கேட்டதற்கு இன்டெல் கூறிய விடை: சில்லு சிறியதாகிவிட்டது, ஆகவே வெப்பச் செறிவு கூடிவிட்டது என்பது. நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். சாண்டி பிரிட்ஜ் 216 சதுர மில்லிமீட்டரில் 95 வாட். சதுர சென்டிமீட்டருக்கு 44 வாட். ஐவி பிரிட்ஜ் 160 சதுர மில்லிமீட்டரில் 77 வாட், 48 வாட். செறிவு கூடியது உண்மை. ஆனால் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த விடையில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை.

மூடியைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே பற்றாசுக்குப் பதிலாகச் சாம்பல் நிறப் பசையைக் கண்டனர். அந்த மே மாதமே ஜப்பானின் பி.சி. வாட்ச் என்ற இதழ் ஒரு சோதனையை நடத்தியது. மூடியைக் கழற்றி, பசையைத் துடைத்து, வேறு பொருள்களை இட்டு, மீண்டும் மூடி அளந்தார்கள். திரவ உலோகம் இட்டபோது 4.6 கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் வெப்பநிலை 20 டிகிரி அளவுக்குக் குறைந்தது. உலகெங்கும் மிகைவேக ஆர்வலர்கள் கொதித்தெழுந்தனர். உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய செயலியில் மலிவான பசையா என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் குற்றவாளியை அவர்கள் சரியாக அடையாளம் காணவில்லை என்பது என் கருத்து. அதே சோதனையில் திரவ உலோகத்திற்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பசையை இட்டபோதும் வெப்பநிலைக் குறைவின் பெரும் பகுதி கிடைத்துவிட்டது. பசைக்குப் பதில் பசைதான். பின் எது மாறியது? இடைவெளி மாறியது. மூடியின் விளிம்பைப் பலகையோடு ஒட்டும் கறுப்புச் சிலிக்கோன் ஒட்டுப்பொருளுக்கு ஒரு தடிமன் உண்டு. அது மூடியைச் சில்லுக்கு மேலே சற்றுத் தூக்கியே நிறுத்தியிருந்தது. பழைய ஒட்டுப்பொருளைச் சுரண்டி எடுத்ததும் மூடி சில்லின்மேல் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஃபூரியேயின் விதியில் கடத்து திறன் மட்டுமா இருக்கிறது? தடிமனும் இருக்கிறது அல்லவா!

பற்றாசை ஏன் கைவிட்டார்கள்? செலவு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. இண்டியம் சிலிக்கனில் நேராக ஒட்டாது. சில்லின் முதுகில் டைட்டானியம், நிக்கல், தங்கம் என்று மெல்லிய படலங்களை ஏற்ற வேண்டும். மற்றொரு காரணமும் கூறப்பட்டது. ஒரு டிகிரி சூடேறினால் செம்பு பத்து லட்சத்தில் 17 பங்கு நீளும், சிலிக்கன் 2.6 பங்குதான். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது நடுவில் உள்ள பற்றாசு இழுபட்டு விரிசல் விடும். சில்லு சிறியதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம் என்று சிலர் வாதித்தனர். இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. ஆனால் 2018-ல் இதே நிறுவனம் ஏறத்தாழ இதே அளவுள்ள சில்லுகளுக்கு மீண்டும் பற்றாசு வைத்தபோது அதன்மேல் எனக்கிருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது.

பிளேடும் வைஸும்

மூடியைக் கழற்றும் கலை படிப்படியாக வளர்ந்தது. முதலில் வந்தது சவர பிளேடு. மூடிக்கும் பச்சைப் பலகைக்கும் நடுவே நுழைத்து, கறுப்பு ஒட்டுப்பொருளைச் சுற்றிலும் அறுப்பார்கள். அடுத்து வந்தது பட்டறை வைஸ். மூடியை வைஸின் தாடைகளில் பிடித்து, பலகையின் விளிம்பில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஓங்கித் தட்டுவார்கள். ஒட்டுப்பொருள் அறுந்து பலகை பறந்து விழும். படித்தாலே நெஞ்சு பதறுகிறதல்லவா? 2015-ல் வந்த ஸ்கைலேக் செயலிகளில் பலகை முன்னைவிட மெலிந்துவிட்டதால் இந்த முறைகள் இன்னும் ஆபத்தாயின. 2016-ல் டெர் பாவர் என்ற பெயரால் அறியப்படும் ஜெர்மானியரான ரோமன் ஹார்ட்டுங் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். திருகைச் சுழற்றச் சுழற்ற, மூடி பக்கவாட்டில் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்து கழன்றுகொள்ளும். சுத்தியலும் பிளேடும் ஓய்வு பெற்றன.

பிளேடின் ஆபத்தை நான் சொந்த அனுபவத்தில் அறிவேன். 2014-ல் நான் முதுகலை படித்தபோது விடுதி நண்பன் ஒருவனுடைய செயலியைத் திறக்க இருவரும் துணிந்தோம். மூன்று பக்கம் நன்றாகவே அறுபட்டது. நான்காவது பக்கத்தில் பிளேடு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போயிற்று. பலகையின் பச்சைப் பூச்சில் ஒரு மெல்லிய கீறல். பலகைக்குள் ஓடும் செம்புத் தடங்கள் தலைமயிரைவிட மெல்லியவை என்பது அப்போது எங்கள் நினைவில் இல்லை. மறுபடி பொருத்தினோம். கணிப்பொறி ஓடியது, வெப்பநிலையும் குறைந்தது. ஆனால் இரண்டு நினைவகத் தடங்களில் ஒன்று நிரந்தரமாகப் போய்விட்டது. இருந்த நினைவகத்தில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அவன் தன் ஆய்வேட்டை எழுதி முடித்தான். இன்றும் என்னோடு பேசுகிறான் என்பது அவனுடைய பெருந்தன்மை.

திரவ உலோகத்திற்கும் தனி இடர் உண்டு. அதன் முதன்மைக் கூறு காலியம். 1871-ல் மெண்டலீவ் தம் அட்டவணையில் காலியிடம் விட்டு, அங்கே வரப்போகும் தனிமத்தின் பண்புகளை முன்கூட்டியே கூறினார். 1875-ல் லெகோக் த புவாபோத்ரான் கண்டெடுத்தார். அதே காலியம்தான். தூய காலியம் 30° செல்சியஸில் உருகும். இண்டியமும் வெள்ளீயமும் சேர்த்தால் உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும். பாதரசம்போல் உருண்டு ஓடும். அது மின்சாரத்தையும் கடத்தும். சில்லின் பக்கத்தில் உள்ள நுண்ணிய உறுப்புகள்மேல் ஒரு துளி ஓடிவிட்டால் குறுக்குச் சுற்றுதான். அலுமினியத்தின்மேல் பட்டாலோ அதன் படிகங்களுக்கு இடையே ஊடுருவி, உலோகத்தைப் பிஸ்கட்டுபோல் பொடியச் செய்துவிடும். அலுமினியக் குளிர்விப்பானோடு இதைப் பயன்படுத்தவே கூடாது.

இவ்வளவு இடருக்கும் பலன் என்ன? வெப்பநிலையில் பலன் பெரிது: 15, 20 டிகிரி. வேகத்தில் பலன் சிறிது. பலருக்கும் கிடைத்தது நூறு, இருநூறு மெகா ஹெர்ட்ஸ்தான். 4,500-ல் 200 என்றால் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. மிகைவேகத்தின் எல்லையை வெப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை; டிரான்சிஸ்டர் திறந்து மூட எடுக்கும் நேரமும் அதற்குத் தேவையான மின்னழுத்தமும் தீர்மானிக்கின்றன. இருமடி விதி அங்கே காத்திருக்கிறது. உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் உண்டு: விசிறி இரைச்சலின்றி மெல்லச் சுழலலாம், கசிவு மின்னோட்டம் குறையும், மின்னோட்டத்தால் கம்பிகளின் அணுக்கள் இடம்பெயர்ந்து தேயும் வேகமும் வெப்பநிலை குறைந்தால் வெகுவாகக் குறையும். மூடியைக் கழற்றினால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போய்விடும் என்பதை எதிர்த்தட்டில் வைக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிகைவேகத்தில் ஓட்டிச் செயலி எரிந்துபோனால் ஒருமுறை மாற்றித் தரும் காப்புத் திட்டம் ஒன்றை 2012 முதல் 2021 வரை இன்டெலே விற்றுவந்தது. எரிக்கலாம், ஆனால் திறக்கக் கூடாது!

மீண்டும் பற்றாசு

2018 அக்டோபரில் எட்டு உட்கருக்கள் கொண்ட 9900கே செயலியோடு இன்டெல் பற்றாசுக்குத் திரும்பியது. இனிப் பிளேடுக்கு வேலையில்லை என்று எண்ணினார்கள். ஹார்ட்டுங் அதையும் திறந்தார். இம்முறை அவர் கண்டது சில்லின் தடிமன். முந்தைய 8700கே சில்லு 0.42 மில்லிமீட்டர், இது 0.87 மில்லிமீட்டர். வெப்பம் தோன்றுவது சில்லின் அடிமுகத்தில். முதுகுக்கு வர அது சிலிக்கனையே கடக்க வேண்டும். அவர் சிலிக்கனின் முதுகையே உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கினார். இன்னும் சில டிகிரி குறைந்தது. நம் சூத்திரத்தில் இட்டாலும் 150 வாட்டுக்கு மூன்று டிகிரி அளவு குறைய வேண்டும் என்றே வருகிறது. 2020-ல் வந்த 10900கே செயலியில் சில்லின் தடிமனை 0.8-லிருந்து 0.5 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டதாக இன்டெலே அறிவித்தது. தனி மனிதர் உப்புத்தாளால் செய்ததைத் தொழிற்சாலை எந்திரத்தால் செய்தது.

ஏ.எம்.டி.யின் கதை வேறு. 2022 செப்டம்பரில் வந்த ரைசன் 7000 வரிசையில் உள்ளே தரமான இண்டியம் பற்றாசுதான். ஆனால் பழைய குளிர்விப்பான்களும் பொருந்த வேண்டும் என்பதற்காக மூடியைத் தடிப்பாகச் செய்தார்கள். முழுச் சுமையில் 95 டிகிரி வரை செல்வது இயல்பே என்றும் கூறினார்கள். ஹார்ட்டுங் மூடியை அடியோடு நீக்கிக் குளிர்விப்பானைச் சில்லின்மேல் நேராக வைத்தபோது 20 டிகிரி அளவு குறைந்தது. பற்றாசு நல்லதானாலும் தடித்த செம்பும் அதன்மேல் உள்ள இரண்டாவது பசையும் தடைதான். ஆனால் மூடியின்றி நேராக வைப்பது என்றால் என்ன? 2000-ஆம் ஆண்டின் அத்லான் நிலைக்கே திரும்புவது. மூலை உடையும் பயமும் கூடவே திரும்பி வந்துவிட்டது. சில்லைச் சுற்றிச் சட்டம் வைப்பதும் திரும்பி வந்துவிட்டது.

சில இடங்களில் பிளேடுக்கு எட்டாத ஆழத்தில் தடை இருந்தது. ஏ.எம்.டி. 2022-ல் கூடுதல் நினைவகச் சில்லைச் செயலிச் சில்லின் முதுகில் ஏற்றி ஒட்டியது. அந்தச் செயலிகளில் மிகைவேகத்தை முடக்கியும் வைத்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி செயலியில் நினைவகத்தைச் செயலிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். உட்கருக்களின் முதுகு மூடியை நெருங்கியது. மிகைவேகத் தடையும் நீங்கியது.

மாணவருக்குச் சொன்னது

மாணவரிடம் அவருடைய செயலி எந்த ஆண்டினது என்று கேட்டேன். 2021-ல் வந்தது, உள்ளே பற்றாசு. அவர் அதில் ஓட்டுவதெல்லாம் பாட நிரல்களும் சில விளையாட்டுகளும். மேலே சொன்ன கணக்குகளைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். மூடிக்கு வெளியே உள்ள காய்ந்த பசையை மாற்றி, துடுப்புகளில் அடைந்த தூசியைத் துடைக்கச் சொன்னேன். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் அவருக்குப் போகவில்லை. எனக்கும்தான் போகவில்லை.

அடுத்த முறை சென்னை சென்றபோது ரிச்சி தெருவில் இறந்துபோன பழைய செயலி ஒன்றை அவர் மலிவாக வாங்கி வந்தார். பசை வைத்த காலத்தது. ஆய்வகத்தில் இருவருமாக, இம்முறை அவசரப்படாமல், திறந்தோம். கண்ணாடிப் பாளத்தின் ஒளிவிலகல் எண் காண நாம் பயன்படுத்தும் அதே நகரும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மூடியின் உட்குழிவு ஆழத்தையும், விளிம்பில் இருந்த ஒட்டுப்பொருளின் தடிமனையும், சில்லின் உயரத்தையும் குவியம் மாற்றி மாற்றி அளந்தோம். முதலிரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் பசை நின்ற இடைவெளி. மும்முறை அளந்ததன் சராசரி 0.07 மில்லிமீட்டர் வந்தது. கருவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், மூன்று அளவுகளைச் சேர்த்திருப்பதால் பிழை அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மாணவர் பிழையையும் சேர்த்துத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.